சந்தேகத்தை நடிக்காத பிள்ளைகள்: ஒரு மர்மத் தொடரும் திருகோணமலையில் ஒரு நடிப்புப் பயிற்சியும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ‘வெரோனிகா மார்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசன். 2004 செப்டெம்பரில் யூபிஎன் அலைவரிசையில் தொடங்கி, 22 எபிசோட்களில் ஒரு கொலை வழக்கை முடித்துவைத்த தொடர் அது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி துப்புத் துலக்குகிறாள், அவ்வளவுதான் கதை. நாடகமும் அரங்கியலும் பாடம் எடுக்கும் ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகள் சிலரோடு திருகோணமலையில் இருந்து அதைக் காட்சி காட்சியாகப் பார்த்தோம். பிறகு எங்கள் ஊருக்கு ஏற்ற ஒரு சிறிய மர்மக் கதையை எழுதிக் கைத்தொலைபேசியில் படமாக்கினோம். கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் இந்தத் தொடரின் நடிப்பைப் பற்றிக் கதைக்க முடியாது. ஆகவே முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஏன் இந்தப் பயிற்சி என்றால், மர்மக் கதை என்று சொன்னதுமே எங்கள் பிள்ளைகள் புருவத்தைத் தூக்கிவிடுகிறார்கள். ஒருவர் ஒரு வசனம் சொன்னால் மற்றவர் உடனே திரும்பிப் பார்ப்பார், கண்ணைச் சுருக்குவார், மூச்சை இழுத்து நிறுத்துவார். மெகா தொடர்களில் ஒரே முகத்தை மூன்று தரம் நெருங்கிக் காட்டி இடி முழக்கம் போடுவதைச் சின்னனில் இருந்தே பார்த்து வந்த பழக்கம். குற்றவாளியாக நடிப்பவரோ முதல் காட்சியிலேயே குற்றவாளி முகத்தோடு வந்து நிற்பார். பார்ப்பவருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

சரி, தொடரின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். கலிபோர்னியாவில் நெப்டியூன் என்றொரு கற்பனை ஊர். படப்பிடிப்பு நடந்தது சான் டியாகோ பக்கத்தில். ஊரில் ஒரு பக்கம் கோடீஸ்வரர்கள், மறுபக்கம் அவர்களிடம் வேலை செய்பவர்கள், நடுவில் ஆட்களே இல்லை. வெரோனிகாவின் உயிர்த்தோழி லில்லி கேன் கொல்லப்படுகிறாள். வெரோனிகாவின் தந்தை கீத் மார்ஸ் அந்தப் பகுதியின் ஷெரிப், அதாவது பொலிஸ் தலைவர். அவர் லில்லியின் தந்தையான மென்பொருள் கோடீஸ்வரர் மீதே சந்தேகத்தைத் திருப்ப, ஊரே கீத்மேல் பாய்கிறது. பதவி போகிறது, மனைவி வீட்டை விட்டுப் போகிறாள், மகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒதுக்குகிறார்கள். தந்தை தனியார் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறக்கிறார், மகள் பின்னேரங்களில் அங்கே வேலை செய்கிறாள்.

இதை உருவாக்கிய ராப் தாமஸ் முன்னர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதலில் இதை ஓர் ஆண் பிள்ளையை நாயகனாக வைத்து இளையோர் நாவலாகத்தான் யோசித்திருந்தார். பிறகு பெண்ணாக மாற்றினார். அந்த மாற்றம் இல்லாவிட்டால் தொடரின் நடுத்தூணான தந்தை–மகள் உறவு இந்த வடிவத்தில் வந்திருக்காது.

அந்த உறவில் இருந்தே தொடங்கினோம். கிறிஸ்டன் பெல் வெரோனிகாவாகவும் என்ரிகோ கொலாந்தோனி தந்தையாகவும் நடித்திருக்கிறார்கள். 500க்கு மேற்பட்டவர்களைப் பார்த்துவிட்டுத்தான் பெல்லைத் தெரிவு செய்தார்கள். இருவரும் சேரும் காட்சிகளில் பாதிக்கு மேல் பகிடிதான். சாப்பாட்டு மேசையில், அலுவலகத்தில், தொலைபேசியில் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கதைக்கு உப்புப் போட எழுதிய வசனங்கள் என்று தோன்றும். ஆனால் அந்தப் பகிடிக்குக் கீழே இருவரும் ஒருவரிடம் ஒருவர் மறைக்கிறார்கள். மனைவி எங்கே என்று தனக்குத் தெரிந்ததை அவர் முழுதாகச் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாமல் அவருடைய பெட்டகத்தையே மகள் திறக்கிறாள். ஒரு கட்டத்தில், கீத் உண்மையில் தன் தந்தைதானா என்ற கேள்வியே அவளுக்கு எழுகிறது. மரபணுப் பரிசோதனை செய்து, வந்த முடிவைப் படிக்காமலே கிழிக்கும் இயந்திரத்துக்குள் போடுகிறாள். சீசனின் கடைசி எபிசோடில்தான் அவர் சொந்தத் தந்தை என்று தெரிகிறது.

இதில் நடிகர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். பெல் எந்த இடத்திலும் ‘இவர் என் அப்பா இல்லையோ’ என்ற முகத்தோடு மேசையில் உட்காருவதில்லை. பகிடியை வழமை போலவே சொல்கிறார். சொல்லி முடித்ததும் சிரிப்பு கொஞ்சம் முந்தி அணைந்துவிடுகிறது, அவ்வளவுதான். கொலாந்தோனி அதைக் கண்டும் காணாததுபோல் அடுத்த பகிடியை எடுத்து வைக்கிறார். மறைப்பதை நடிக்காமல், மறைக்கத் துணை செய்யும் அன்பை நடிக்கிறார்கள்.

வெரோனிகா துப்புக்காகப் பிறரை ஏமாற்றும் காட்சிகள் இதற்கு நேர்மாறு. தலையைச் சற்றுச் சாய்ப்பாள், குரலை உயர்த்துவாள், ஒன்றும் தெரியாத பிள்ளையாக மாறுவாள். அங்கே பெல் ‘வெரோனிகா நடிக்கிறாள்’ என்பதையே நடிக்கிறார், அது பார்ப்பவருக்கும் தெரியவேண்டும். ஆனால் தந்தையிடமும் தோழன் வாலஸிடமும் அந்தத் தலைச்சாய்ப்பு அநேகமாக வராது. யாரிடம் வேடம், யாரிடம் வேடமில்லை என்பதை உடம்பே பிரித்துச் சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் இதை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். “சேர், நாங்களும் பிரின்சிபலிட்ட ஒரு குரல், வீட்ட ஒரு குரல்தானே” என்றான் ஒருவன்.

அடுத்து லோகன், டங்கன் விவகாரம். தொடரைப் பற்றிக் கதைப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். டங்கன் லில்லியின் சகோதரன், வெரோனிகாவின் முன்னாள் காதலன், கதைப்படி அவளுக்கு ஏற்ற நாயகன். லோகன் லில்லியின் காதலன், ஒரு சினிமா நட்சத்திரத்தின் மகன். முதல் எபிசோடிலேயே வெரோனிகாவின் கார் முன்விளக்குகளை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கும் கொழுப்பெடுத்த பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், லோகனாக நடித்த ஜேசன் டோரிங் முதலில் தேர்வுக்குப் போனது டங்கன் வேடத்துக்கு. டங்கனாக நடித்த டெடி டன் போனது லோகன் வேடத்துக்கு. ஆளை மாற்றிப் போட்டார்கள், தொடரின் தலைவிதியே அதனால் மாறிப்போனது.

டன்னைக் குறை சொல்வது இலகு. பலரும் சொன்னார்கள். என் கருத்து வேறு. டங்கனுக்கு எழுதப்பட்டது மறைக்கும் வேலை மட்டும்தான். ஏன் வெரோனிகாவைக் கைவிட்டான் என்பதை அவன் சொல்லக்கூடாது, சகோதரி இறந்த நாளில் தான் என்ன செய்தான் என்பது அவனுக்கே தெளிவில்லை. ஒரு நடிகனுக்கு ‘சொல்லாதே’ என்று மட்டும் கொடுத்தால் முகம் கல்லாகிவிடும். லோகனுக்கோ ஒவ்வொரு காட்சியிலும் யாரிடமாவது எதையாவது வாங்கவேண்டியிருந்தது: நண்பர்களிடம் சிரிப்பு, தந்தையிடம் கவனிப்பு, வெரோனிகாவிடம் சண்டை.

பெல்ட் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது எபிசோட். பொது இடத்தில் தன்னை மாட்டிவிட்ட மகனை வீட்டில் வைத்து அடிக்கப்போகிறார் தந்தை ஆரன். எந்தப் பெல்ட் என்று மகனையே எடுக்கச் சொல்கிறார். லோகன் போய், தொங்கும் பெல்ட்களுக்குள் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறான். டோரிங் அங்கே அழுவதில்லை, நடுங்குவதுமில்லை. கடையில் பொருள் பார்ப்பவன்போல் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். இது முதல் தரம் இல்லை என்பது அந்த விரல்களில் தெரிகிறது. அடி விழும் சத்தம் கேட்கிறது, தாய் கையில் மதுக் கிண்ணத்தோடு இருக்கிறாள். ஆரனாக நடித்த ஹாரி ஹாம்லினும் அந்தத் தாயாக நடித்த லிசா ரின்னாவும் நிஜ வாழ்க்கையிலும் கணவன் மனைவி. அந்த வீட்டின் பழகிப்போன மௌனத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் காட்சிக்குப் பிறகு லோகனை முழுதாக வெறுக்க முடியாது. தாய் இறந்ததாகச் செய்தி வரும்போது, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நம்பி அவன் உதவி கேட்டு வருவது வெரோனிகாவிடம்தான். 18வது எபிசோடில் ஒரு மோட்டல் மாடியில் இருவரும் முத்தமிடும்போது, அது திடீரென்று வந்ததாகவும் இருந்தது, நெடுநாளாக வந்துகொண்டிருந்ததாகவும் இருந்தது. டங்கன் இரண்டாவது சீசனின் பாதியிலேயே கதையை விட்டுப் போய்விட்டான்.

பெல்ட் காட்சிக்கு இன்னொரு வேலையும் உண்டு. லில்லியைக் கொன்றது ஆரன். லில்லியோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தவரும் அவரே. ஆனால் சீசன் முழுக்க ஹாம்லின் கொலையாளியாக ஒரு நொடியும் நடிக்கவில்லை. புகழ் மங்கிக்கொண்டு போகும் நடிகன், மனைவிக்குத் துரோகம் செய்பவன், மகனை அடித்துவிட்டுப் பிறகு உருகுபவன் என்று ஒரு மோசமான குடும்பத் தலைவனாகவே நடித்தார். நாங்கள் அவரை ஏற்கெனவே ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டோம்: ‘கெட்ட அப்பா’. பெட்டிக்குள் போட்டவரை யாரும் திரும்பத் தேடுவதில்லை. கடைசி எபிசோடில் அவர் வெரோனிகாவைப் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்குள் அடைத்துத் தீ வைக்கும்போது, அவர் முகம் மாறவேயில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. மகனை அடித்த அதே ஆள். அந்தத் தீக்குள் இறங்கி மகளை மீட்கப் போகிறவர் கீத். இரண்டு தந்தைகளும் ஒரே காட்சியில் எதிரெதிரே. துப்புக்கான விடையாக அங்கே வந்து நிற்பது ஓர் உறவு.

இவ்வளவும் பார்த்தது. இனி செய்தது.

முதலில் என்ன மர்மம் என்ற கேள்வி. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்த முதல் கதையில் கடற்கரையில் ஒரு மாணவியின் உடல் கிடந்தது. எங்கள் கடற்கரையில் 2006 ஜனவரி 2 அன்று ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தப் பிள்ளைகளில் அநேகர் அப்போது பிறந்திருக்கவே இல்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நெப்டியூனில் 22 எபிசோடில் விடை கிடைத்தது. விடை கிடைக்காத வீடுகள் இருக்கும் ஊரில், விறுவிறுப்புக்காக ஒரு உடலைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை என்று சொன்னேன். யாரும் வாதாடவில்லை. கதையை எழுதிய பிள்ளையே தாளை மடித்து வைத்துவிட்டது.

கொலை போனதும் கதை சின்னதாகியது, நன்றாகவும் ஆகியது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குச் சேர்த்த காசு அலுவலக அலுமாரியில் இருந்து காணாமல் போகிறது. அலுமாரித் திறப்பு கிளார்க்கிடம் இருந்தது. அந்தக் கிளார்க்கின் மகளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் ஏ.எல். படிக்கிறாள். ‘யாருடைய பிள்ளை’ என்று கேட்டுத்தான் இங்கே ஒருவரை அடையாளம் காண்கிறார்கள். அப்பாவின் பெயர் கெட்டால் பிள்ளை எந்தத் தெருவாலும் நிம்மதியாக நடக்கமுடியாது. ஆக மகள் துப்புத் துலக்கக் கிளம்புகிறாள். காசை எடுத்தது அவளுடைய மிக நெருங்கிய தோழி. தோழியின் தாய் நுண்கடன் எடுத்து, கிழமைக் கட்டுக் கட்டமுடியாமல், வசூலுக்கு வருபவர் வாசலில் நிற்கும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் போய்விடுபவர். பதிவேடு எடுக்கவேண்டும் என்று சொல்லித் தோழி கேட்டபோது திறப்பைக் கொடுத்தவர் கிளார்க் அப்பாதான். அவருக்கு விசயம் விளங்கிவிட்டது. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்று வாயைத் திறக்காமல் பழியைச் சுமக்கிறார்.

நடிகர் தெரிவில் டோரிங்–டன் கதையைப் பிரயோகித்தோம். ஒவ்வொருவரும் தான் விரும்பிக் கேட்ட வேடத்தைத் தவிர வேறொன்றையும் வாசிக்கவேண்டும். துப்பறிபவளாக நடிக்க ஆசைப்பட்ட பிள்ளை தம்பலகாமத்தில் இருந்து வருபவள், வாயாடி. அவள் தோழியின் வசனத்தை வாசித்தபோது அந்த வாயாடித்தனமே பெரிய மறைப்பாக மாறியது. இவ்வளவு கதைக்கும் பிள்ளையிடம் ஒரு இரகசியம் இருக்கும் என்று யார் நினைப்பார்? தோழியாக வந்த அமைதியான பிள்ளை துப்பறிபவளானாள். முதலில் இருவருக்கும் மனக்குறை. அப்புறம் சரியாகிவிட்டது.

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது கன்டீன் காட்சிக்கு. மூன்றே மூன்று வசனம்:

“உன்ர அப்பா எடுக்கேல்லையெண்டு எனக்குத் தெரியுமடி.”

“எப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

முதல் தரம் தோழி குனிந்த தலையோடு, எச்சிலை விழுங்கிக்கொண்டு இதைச் சொன்னாள். அறையில் இருந்த எல்லோருக்கும் கள்ளி யார் என்று விளங்கிவிட்டது. ஹாம்லினை நினைவூட்டினேன். நீ காசு எடுத்தவள் என்பதை மறந்துவிடு, உன் முன்னால் இருப்பவள் காலையில் இருந்து சாப்பிடவில்லை, அதை மட்டும் பார் என்றேன். அவள் கையில் ஒரு ரோல்ஸ் இருந்தது. அடுத்த தரம் அதை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை மற்றவளின் கையில் திணித்துக்கொண்டே வசனத்தைச் சொன்னாள். கடைசித் “தெரியும்” வரும்போது வாய் நிறைய ரோல்ஸ். கேட்பவளுக்கு அது ஆறுதல். முடிவு தெரிந்து திரும்பப் பார்ப்பவருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். பெரிய துண்டைக் கொடுக்கச் சொல்லி நான் சொல்லவில்லை, அது அவளாகச் செய்தது. அதன் பிறகு அந்தக் காட்சியில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தந்தை–மகள் காட்சி வேறு விதமாகச் சிக்கியது. தொடரில் வருவதுபோல் அப்பாவும் மகளும் மேசையில் இருந்து சீண்டிக் கதைக்கும்படி எழுதியிருந்தார்கள். வாசித்துப் பார்த்தால் டப்பிங் படம்போல் ஒலித்தது. இங்கே பல வீடுகளில் மகள் பகிடி விடுவது அம்மம்மாவோடு, மாமாவோடு. அப்பாவோடு அன்பு இருக்கும், சொல் இருக்காது. கிண்ணியாவில் இருந்து வரும் தம்பி சொன்னான், தன் வாப்பாவோடு அவன் அதிகம் கதைப்பது மோட்டார் சைக்கிளில் போகும்போதுதான் என்று. முகம் பார்க்கத் தேவையில்லையாம்.

அதையே எடுத்துக்கொண்டோம். ரியூசன் முடிந்து அப்பா மகளை ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதியால் வருகிறார். இருவர் தலையிலும் ஹெல்மெட். அதனால் முகநடிப்புக்கு இடமே இல்லை. எல்லாம் தோளிலும் கையிலும் வந்தாகவேண்டும்.

“அப்பா, அண்டைக்கு அலுமாரித் திறப்பு ஆரிட்ட இருந்தது?”

“என்ன?”

“திறப்பு, அப்பா.”

“காத்துக்கு ஒண்டும் கேக்கேல்ல மகள். வீட்ட போய்க் கதைப்பம்.”

அப்பாவாக நடித்தவர் வங்கியில் வேலை செய்பவர், கோயில் மேடைகளில் நாடகம் போட்டுப் பழகியவர். அவரிடம் ஒரு விசயத்தை மட்டும் முடிவு செய்யச் சொன்னோம்: கேட்டதா, கேட்கவில்லையா? கேட்டது என்று முடிவெடுத்தார். “என்ன?” என்று சொல்வதற்கு முன்னமே வண்டியின் வேகம் கொஞ்சம் குறைந்துவிட்டது. கேட்காத ஆள் ஏன் வேகத்தைக் குறைக்கவேண்டும்? மகளாக நடித்தவள் முதல் காட்சிகளில் அப்பாவின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவள். அந்தப் பதிலுக்குப் பிறகு கையை எடுத்துப் பின்கம்பியைப் பிடிக்கிறாள், புத்தகப் பையை இருவருக்கும் நடுவில் இழுத்து வைக்கிறாள். கமரா பக்கவாட்டில் இன்னொரு வண்டியில் வந்தது. ஒரு சொல் இல்லாமல் உறவு மாறிவிட்டது.

காற்று பகிடி இல்லை. நாங்கள் எடுத்தது கச்சான் வீசும் காலம். தொலைபேசியில் பதிந்தது முழுக்க இரைச்சல், அப்பாவின் குரல் பாதிதான் இருந்தது. வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரைகளை ஒன்றின் பின் ஒன்றாகப் போட்டு, இருவரையும் ஹெல்மெட்டோடு இருத்தி, குரலைத் தனியாகப் பதிந்து சேர்த்தோம். மேசையில் எதிரெதிரே இருந்து பேசவைத்துப் பார்த்தபோது குரல் பொருந்தவில்லை. முதுகைப் பார்த்துக் கதைக்கும் குரல் வேறாகத்தான் இருக்கிறது.

பின்னணிக் குரல் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. வெரோனிகா தொடர் முழுக்கத் தன் குரலில் கதை சொல்வாள், எங்கள் பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். எழுதிக்கொண்டு வந்தது எல்லாம் ‘எனக்கு மனம் உடைந்துவிட்டது’ வகை. கூத்தில் ஒரு பாத்திரம் வரவுத் தாளத்தோடு வந்து, தான் யார், என்ன நிலை என்று பாடிவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் இறங்கும். கட்டியகாரன் இருந்தால் அவனும் சொல்வான். அந்த மரபு எங்கள் இரத்தத்தில் இருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் வெரோனிகாவின் குரலைக் கவனித்துக் கேட்டால், அவள் விவரம் சொல்வாள், கிண்டல் பண்ணுவாள், வலிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பேச்சை மாற்றிவிடுவாள். ஆகவே ஒரு விதி வைத்தோம்: பின்னணிக் குரலில் நேரம், இடம், தொகை மட்டும் வரலாம். உணர்ச்சி வரக்கூடாது. ‘காசு வைத்தது செவ்வாய். காணாமல் போனது புதன்’ என்று அந்த அமைதியான பிள்ளை சொன்னபோது இருந்த கனம், மனம் உடைந்த வசனங்களில் இல்லை.

சரிவராததும் இருந்தது. வகுப்பில் இவளை ஒதுக்கும் பெரிய இடத்துப் பையன் ஒருவன் பிறகு உதவிக்கு வருவதாக, லோகனை மனதில் வைத்து ஒரு கிளைக்கதை எழுதினோம். உயிரே வரவில்லை. ஒரு காரணம் நடைமுறையானது. அமெரிக்காவில் 24 வயது பெல் 17 வயதுப் பிள்ளையாக நடிக்கலாம். இங்கே நடிப்பவர்கள் உண்மையிலேயே 17. கடற்கரையில் ஒரு பையனையும் பிள்ளையையும் பக்கத்தில் நிற்கவைத்து ஷூட்டிங் செய்தால், காட்சி முடியுமுன் செய்தி வீட்டுக்குப் போய்விடும். இருவரும் இடைவெளி விட்டு நின்றார்கள், வசனமும் இடைவெளி விட்டு நின்றது. இன்னொரு காரணம் நாங்கள் எழுதிய முறை. அவனுக்கு யாரிடமும் எதுவும் தேவைப்படவில்லை. பெல்ட் காட்சி போல ஒன்று அவனுக்கு இருக்கவில்லை. வெட்டிவிட்டோம்.

தொடரின் பிற்காலம் இந்த விசயத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. மூன்றாவது சீசனோடு 2007இல் தொடர் நிறுத்தப்பட்டது. 2013 மார்ச்சில், திரைப்படம் எடுக்க இணையத்தில் மக்களிடம் காசு கேட்டார்கள். 20 லட்சம் டொலர் இலக்கு ஒரு நாளுக்குள் நிரம்பியது. முடிவில் 91,585 பேர் சேர்ந்து 57 லட்சம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். கொலை மர்மத்துக்கு யாராவது ஆறு வருடம் கழித்துக் காசு கொடுப்பார்களா? கீத்தும் வாலஸும் லோகனும் மீண்டும் வரவேண்டும் என்றுதான் கொடுத்தார்கள். 2019இல் ஹுலு தளத்தில் வந்த நான்காவது சீசனின் முடிவில், திருமணம் முடிந்த கையோடு லோகன் கார்க் குண்டில் இறக்கிறான். தனியான துப்பறிவாளராக வெரோனிகாவைக் கொண்டுபோகவேண்டும் என்பது உருவாக்கியவரின் நியாயம். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நான் ரசிகர்கள் பக்கம். மர்மம் எப்போதும் கிடைக்கும். பெல்லுக்கு எதிரே நின்று அந்த வேகத்தில் பந்தைத் திருப்பி அடிக்கக்கூடிய டோரிங் போன்றவர் எப்போதும் கிடைப்பதில்லை.

படத்தைப் பெற்றோருக்கும் அயலவருக்கும் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். கன்டீன் காட்சியில் யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை, சிலர் சிரித்தார்கள். கள்ளி யார் என்று தெரிந்த பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் உரக்கச் சொன்னார்: “அதுதானே, அண்டைக்குப் பெரிய துண்டை அவளுக்குக் குடுத்தவள்!” அப்பா தோழியைக் காட்டிக்கொடுக்காதது சரியா என்று வெளியில் நின்று வாதாடினார்கள். வங்கிக்காரர் பாவம், பிழை அவர்மேலதான் என்று நாலைந்து பேர் அவரை வளைத்துக்கொண்டார்கள்.

இதே பயிற்சியைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. முதல் சீசனை அப்படியே போட்டுக் காட்டாதீர்கள். நாயகிக்கு ஒரு விருந்தில் நடந்த பாலியல் வன்முறை கதையின் ஒரு முக்கிய இழை, பெல்ட் காட்சியும் சில பிள்ளைகளுக்கு வீட்டை நினைவூட்டக்கூடியது. நாங்கள் காட்சிகளை முன்கூட்டியே தெரிந்து, பெற்றோருக்குச் சொல்லி, பெல்ட் காட்சிக்கு மட்டும் விரும்பாதவர்கள் வெளியே போகலாம் என்று வைத்துக்கொண்டோம். வரிசையும் முக்கியம். முதலில் தந்தை–மகள் மேசைக் காட்சிகள், அடுத்து முன்விளக்கை நொறுக்கும் காட்சி, பிறகு பெல்ட், அதன் பிறகு கடைசி எபிசோட். கடைசி எபிசோட் முடிந்ததும் உடனே எழும்பவிடாமல், ஆரன் வரும் பழைய காட்சிகளை இன்னொரு தரம் போட்டுக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் சந்தேகத்தை நடித்தார் என்று தேடச் சொல்லுங்கள். தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று பிள்ளைகளே சொல்வார்கள்.